வெள்ளிக்கிழமை பதினொன்று பத்து

பாலக்கரையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்த அந்த அறைக்குச் சிரித்த முகத்தோடு யாரும் படியேறியது கிடையாது. தாங்கள் எழுதிய புரோகிராமில் இருக்கும் பிழை தங்கள் கண்ணுக்கே அகப்படவில்லை என்று வெளியாளிடம் ஒப்புக்கொள்ள வருகிறவர்கள் வேறு எப்படி வருவார்கள்? புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு ரஞ்சித் வந்தபோது மட்டும் அந்த முகத்தில் சங்கடத்தைவிட அவசரம் அதிகம் இருந்தது. பிழை யாருடையது என்று தனக்குத் தெரியும் என்பது அவன் எண்ணம்.

ஜீனத் அவனை உட்காரச் சொன்னார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பேனாவைக்கூட அசைக்காத பெண்மணி. பிழை பிடிப்பதே அவருக்குத் தொழில். பக்கத்தில் அவருடைய உதவியாளர் ரெஜிஸ், பொன்மலைக்காரர். விஷயம் என்னவென்று தெரிவதற்கு முன்பே விடையைச் சொல்லிவிடத் துடிக்கிறவர்.

"தில்லை நகர்ல எங்க ஆபீஸ், மேடம். ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் கொடுக்குற சாஃப்ட்வேர் பண்றோம். நான் டீம் லீட். வர்ற திங்கட்கிழமை ஒரு ஆஸ்பத்திரியில ஆரம்பிக்கணும். ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் ஃபெயில் ஆகிட்டே இருக்கு."

சாஃப்ட்வேர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தானாகவே சோதித்துப் பார்க்கும் சிறிய டெஸ்ட்தான். ஒரு நோயாளி வந்ததாகப் பாவனை செய்து டோக்கன் போடும். உடனே, அவர் எத்தனை நிமிடமாகக் காத்திருக்கிறார் என்று கேட்கும். பூஜ்யம் என்று பதில் வரவேண்டும். சில சமயம் பூஜ்யம் வந்தது. சில சமயம் மைனஸ் தொண்ணூறு வந்தது. அதாவது, நோயாளி இன்னும் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வரப்போகிறார், ஆனால் டோக்கன் இப்போதே அவர் கையில் இருக்கிறது.

"மைனஸ்ல காத்திருக்கிறதா?" என்று ரெஜிஸ் ஆசையோடு குனிந்தார்.

"யாரு எழுதின டெஸ்ட்?" என்றார் ஜீனத்.

"வசீம்னு ஒருத்தர். டோக்கன் போடுற பகுதியும் அவரு எழுதினதுதான். வந்து அஞ்சு மாசம் ஆச்சு. அதுக்கு முன்னாடி மூணு வருஷம் துபாய்ல வேலை பார்த்தாரு." ரஞ்சித் இங்கே சற்று நிறுத்தினான். இந்த இடத்தில் கேட்பவர்களுக்குத் தானாகவே புரிந்துவிடும் என்று எதிர்பார்த்தான். புரியாததுபோல் ஜீனத் பார்த்துக்கொண்டிருக்கவே, தானே சொன்னான். "துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம், மேடம். தொண்ணூறு நிமிஷம். அங்கே எழுதின பழைய புரோகிராமை இங்கே அப்படியே ஒட்டியிருக்காரு. அதுல அந்த ஊர் நேரம் எங்கேயோ ஒளிஞ்சிருக்கு. போதாததுக்குப் பொய் வேற. போன வெள்ளிக்கிழமை பதினொன்னு பத்துக்கு இந்தக் கோட் அனுப்பினேன்னு சாதிக்கிறாரு. டெஸ்ட் ஓட்டுற எங்க ஆபீஸ் மெஷின்ல பன்னெண்டு நாற்பதுன்னு பதிவாகியிருக்கு. பன்னெண்டு நாற்பதுக்கு அவரு ஜும்மா தொழுகையில இருந்திருக்கணும். பள்ளிவாசல்ல இருந்து போன்லயே அவசர அவசரமா அனுப்பிட்டு, இல்லைங்கிறாரு."

"இதை அவர்கிட்ட கேட்டீங்களா?"

"மெயில் போட்டேன். எங்க முதலாளி, டீம்ல எட்டுப் பேர், ஆஸ்பத்திரி மேனேஜர், எல்லாருக்கும்." சொல்லும்போதே அந்தப் பட்டியல் கொஞ்சம் நீளமாகத்தான் தோன்றியது. "அவரோட சோதனைக் காலம் வெள்ளிக்கிழமையோட முடியுது. வேலையில வச்சுக்கிறதா வேண்டாமான்னு அன்னைக்கு மதியத்துக்குள்ள முடிவு பண்ணணும். ஆதாரம் இல்லாம ஒருத்தர் வயித்துல அடிக்க மாட்டேன்கிறாரு முதலாளி. அதனால உங்ககிட்ட இருந்து எழுத்துல ஒரு ரிப்போர்ட் வேணும்."

"ரிப்போர்ட் தரேன். பேரை மட்டும் கடைசியிலதான் எழுதுவேன்" என்றார் ஜீனத். "அந்த மெஷினோட கடிகாரத்தைப் பார்த்தீங்களா?"

"முதல்லயே பார்த்துட்டேன், மேடம். திங்கட்கிழமை பகல் பூரா பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தேன். நிமிஷம் பிசகலை. டெஸ்டும் அன்னைக்கு ஒரு தடவைகூட ஃபெயில் ஆகலை."

ஜீனத்தின் பேனா முதல்முறையாக அசைந்தது. 'திங்கள்' என்று எழுதி அடியில் கோடு போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு இருவரும் தில்லை நகர் அலுவலகத்துக்கு வந்தார்கள். முதலாளி அழகிரி வாசல்வரை வந்து வரவேற்றார். மணப்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. கணினியைப் பார்வையிட அனுமதிக் கடிதம் ஒன்றை ஜீனத் நீட்டினார்.

"மூணு மணி ஆகட்டும்மா, கையெழுத்துப் போட்டுடறேன். ராகு காலத்துல நான் பேனாவைத் திறக்கிறதில்லை. பார்க்கிறதுக்கு என்ன, தாராளமா பாருங்க. முதல்ல காபி சாப்பிடுங்க."

அவருக்குப் பின்னால் நின்ற ரஞ்சித் ரெஜிஸைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தான். படித்தவர்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் சிரிப்பு அது. ரெஜிஸ் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஜீனத் வரவேற்பறைச் சுவரில் தொங்கிய தினக் காலண்டரில், வரப்போகும் நாட்களின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மெஷின் ஒரு மூலையில், பேப்பர் கட்டுகளுக்குக் கீழே, திரை இல்லாமல் கிடந்தது. யார் கோட் அனுப்பினாலும் எல்லா டெஸ்டையும் ஓட்டிப் பார்ப்பதும், தேறினால் சாஃப்ட்வேரின் புது வெளியீட்டை நேரம் குறித்து வாடிக்கையாளருக்கு அனுப்புவதும் அதன் வேலை. சரியாக இரண்டு மணிக்கு ரெஜிஸ் தன் லேப்டாப்பை அதனோடு இணைத்து டெஸ்டை ஓட்டினார். மைனஸ் தொண்ணூறு. ஜீனத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மூன்றேகாலுக்கு மறுபடி ஓட்டச் சொன்னார். பூஜ்யம். தேறிவிட்டது.

"மேடம், இங்கே பாருங்க" என்றார் ரெஜிஸ். "முதல்ல ஓட்டினது மூணு முப்பதுன்னு பதிவாகியிருக்கு. அடுத்து ஓட்டினது மூணு பதினஞ்சு. தம்பி அண்ணனுக்கு முன்னாடி பிறந்திருக்கான்."

"வரிசை இப்படி அப்பப்போ குழம்பும். நாங்க அதைக் கண்டுக்கிறதில்லை" என்றான் ரஞ்சித்.

வசீமை அழைத்தார்கள். முப்பது வயது, ஒடிசலான உடம்பு. ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத கண்கள். ஜீனத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு நின்றுகொண்டே பேசினான்.

"பதினொன்னு பத்துக்குத்தான் அனுப்பினேன், அக்கா. அனுப்பிட்டு என் மனைவி ஷஹனாஸுக்கு மெசேஜ் போட்டேன், 'வேலை முடிஞ்சுது'ன்னு. அவங்க துபாய்ல நர்ஸா இருக்காங்க. பன்னெண்டேகாலுக்குத் தொழுகைக்குக் கிளம்பினேன். பள்ளிவாசல்ல போனை எடுக்குற பழக்கம் எனக்கு இல்லை."

"நீங்க எழுதினது எந்தப் பகுதி?"

"டோக்கன்ல நேரம் போடுறது மட்டும். இந்த மெஷின்கிட்ட மணி கேட்டு வாங்கிப் போடும். 'இப்போ மணி என்ன'ன்னு ஒப்பிட்டுப் பார்க்கிறது மேல் மாடியில இருக்கிற டேட்டாபேஸ் மெஷின். அதை நான் தொட்டதே இல்லை." பிறகு தாழ்ந்த குரலில் சேர்த்தான். "ஆனா ரஞ்சித் சார் அனுபவசாலி. அவரே சொல்றப்போ, என் தப்பாவும் இருக்கலாம்."

அவன் போனபிறகு ஜீனத் இரண்டு வருடப் பதிவுகளைக் கேட்டு வாங்கினார். ஐந்து மணிவரை படித்தார். அவர் பக்கம் திருப்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட மொட்டை வெயிலில் நிற்பதே மேல் என்று ரஞ்சித்துக்குத் தோன்றியது.

"ரஞ்சித் சார், இங்கே எல்லாரும் ஒழுங்கா வேலைக்கு வர்றவங்கதானே?"

"ஒன்பதரைக்கெல்லாம் வந்துடுவோம், மேடம்."

"அப்போ ரெண்டு வருஷமா எந்த வெள்ளிக்கிழமையிலயும் பத்தரைக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல இந்த மெஷின்ல ஒரு பதிவுகூட இல்லையே, அது எப்படி? செவ்வாய்க்கிழமை மூணுல இருந்து நாலரைக்குள்ள இல்லை. புதன்கிழமை பன்னெண்டுல இருந்து ஒன்றரைக்குள்ள இல்லை. அத்தனை பேரும் சொல்லி வச்சாப்ல அந்த நேரத்துல கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தீங்களா?"

ரஞ்சித் பதிவுத் தாள்களைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினான்.

"இந்த மெஷினைத் தயார் பண்ணினது யாரு?"

"நான்தான்" என்றான். "ரெண்டு வருஷம் ஆச்சு."

அவன் வீடு ஸ்ரீரங்கத்தில். காவிரிப் பாலத்தில் வழக்கமான நெரிசல். பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கை உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. நான்கு வரி. இரண்டு வருடம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து நிமிடத்தில், அவனே எழுதியது. ஒரு வாரத்துக்கு என்று நினைத்துப் போட்டான், பிறகு அடியோடு மறந்துபோனான். பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தி, "வழியில நின்னு என்ன யோசனை" என்று திட்டும்வரை முன்னால் நின்ற பஸ் நகர்ந்துவிட்டதே அவனுக்குத் தெரியவில்லை.

முகம் சுட்டது. மெயிலில் தான் எழுதிய வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. 'பொறுப்பின்மை.' 'உண்மைக்கு மாறான விளக்கம்.' அவற்றை எழுதியபோது எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கே அலுவலகத்தைத் திறந்தான். மூலையில் மண்டியிட்டு மெஷினுக்குத் திரையையும் கீபோர்டையும் இணைத்தான். அந்த நான்கு வரி அப்படியே இருந்தது, தலைப்பில் அவன் பெயரோடு. அழிப்பதற்கு ஒரு விசை போதும். அழித்துவிட்டால் டெஸ்ட் இனிமேல் தேறிக்கொண்டே இருக்கும், காரணம் யாருக்கும் தெரியாது. வசீமின் பிழை தானாகச் சரியாகிவிட்டது என்று ஊர் பேசும்.

"சார்?"

திடுக்கிட்டுத் திரும்பினான். வாசலில் வசீம்.

"கேஸ் முடிஞ்சு ரிப்போர்ட் வர்றதுக்குள்ள இன்னொரு தடவை பார்க்கலாம்னு வந்தேன். நீங்க முன்னாடியே வந்து பார்த்துட்டிருக்கீங்க." வசீமின் முகம் ஒரு வாரத்துக்குப் பிறகு இளகியது. "எனக்காகவா சார்? நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். இருங்க, டீ வாங்கிட்டு வரேன்."

வசீம் படியிறங்கும் சத்தம் கேட்டது. ரஞ்சித் அந்த விசையை அழுத்தவில்லை. மனசாட்சி தடுத்தது என்று சொல்லிப் பெருமைப்படுத்த வேண்டாம். அழிக்கவும் துணிச்சல் இல்லை, சொல்லவும் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். டீ வந்தது. அதைக் குடித்தான்.

பத்தேகாலுக்கு ஜீனத் எல்லோரையும் அந்த மூலைக்கு வரச் சொன்னார். அழகிரி நாற்காலியில் உட்கார்ந்தார். வசீம் சுவரோரம் நின்றான். ரெஜிஸ் திரையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தார். திரையின் ஓரத்தில் மெஷினின் மணி ஓடிக்கொண்டிருந்தது.

"முதல்ல துபாயை வழியனுப்பி வைப்போம்" என்றார் ஜீனத். "துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னாடி இருக்கு. வசீம் தம்பி எழுதினது டோக்கன்ல போடுற நேரம் மட்டும். அதுல துபாய் நேரம் கலந்திருந்தா டோக்கன் பழைய நேரத்தைக் காட்டும். நோயாளி தொண்ணூறு நிமிஷமா காத்திருக்கார்னு வந்திருக்கும். இங்கே வர்றது மைனஸ். டோக்கன் முன்னாடி ஓடுது. நீங்க தொண்ணூறைப் பார்த்தீங்க சார், மைனஸைப் பார்க்கலை."

ரஞ்சித் தரையைப் பார்த்தான்.

"அடுத்தது. கோட்ல தப்பு இருந்தா எப்பவும் தப்பு வரணும். இது திங்கட்கிழமை ஆபீஸ் நேரத்துல வர்றதே இல்லை. துபாய் திங்கட்கிழமை மட்டும் நம்ம ஊர் பக்கத்துல வந்துடுதா என்ன?"

"இல்லை மேடம், அது..." என்று ஆரம்பித்த ரெஜிஸ், ஜீனத் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

"மூணாவது, நேத்து ரெண்டு மணிக்கு நாங்க ஓட்டினது மூணு முப்பதுன்னு பதிவாச்சு. அந்த நேரத்துல மெஷின் ஒன்றரை மணி முன்னாடி ஓடியிருக்கு. மூணேகாலுக்கு ஒழுங்கா ஓடியிருக்கு. நின்னுபோன கடிகாரம் இல்லை இது. தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்துல தாவிப் போயிட்டு, ஒன்றரை மணி கழிச்சுத் திரும்பி வர்ற கடிகாரம். எப்போ தாவுதுன்னு ரெண்டு வருஷப் பதிவுல இருக்கிற ஓட்டைகள் சொல்லுது. வியாழன் ஒன்றரை முதல் மூணு. செவ்வாய் மூணு முதல் நாலரை. வெள்ளி பத்தரை முதல் பன்னெண்டு. திங்கள் ஏழரை முதல் ஒன்பது, அப்போ ஆபீஸ்ல யாரும் இருக்க மாட்டாங்க. இந்தப் பட்டியலை நான் கண்டுபிடிக்கலை. உங்க வரவேற்பறைக் காலண்டர்ல அச்சடிச்சே தொங்குது."

அழகிரி மெல்ல நிமிர்ந்தார். "ராகு காலம்" என்றார்.

"மணியைப் பாருங்க சார்."

பத்து இருபத்தொன்பது. வினாடிகள் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது என்று ஓடின. பிறகு திரையில் பத்து முப்பது வரவில்லை. பன்னிரண்டு மணி வந்தது.

"ரெண்டு வருஷமா தப்பா இருந்த கடிகாரத்தை யாரும் கேட்கலை" என்றார் ஜீனத். "போன மாசம் வசீம் தம்பி எழுதின டெஸ்ட்தான் முதல்முதலா கேட்டது. மத்த டெஸ்ட் எல்லாம் இந்த மெஷின் சொன்ன மணியை அப்படியே நம்பிச்சு. இது மட்டும் மேல் மாடி மெஷின்கிட்டயும் கேட்டுச்சு. பதினொன்னு பத்துக்கு அனுப்பினதைப் பன்னெண்டு நாற்பதுன்னு எழுதினது மெஷின். பொய் சொன்னது அதுதான்."

வசீம் சுவரில் சாய்ந்துகொண்டான்.

ஜீனத் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ரஞ்சித்திடம் நீட்டினார். ரிப்போர்ட். ஒரே ஒரு இடம் மட்டும் காலியாக விடப்பட்டிருந்தது. "பேரை நான் எழுதலை சார். நீங்க எழுதினா நல்லா இருக்கும்னு நினைச்சேன்."

அவருக்குத் தெரிந்திருந்தது. நேற்றே தெரிந்திருந்தது. ரஞ்சித்துக்குக் கூனிக் குறுகிப்போயிற்று. தாளை வாங்கிக்கொண்டான்.

"நான்தான் சார்" என்றான் அழகிரியிடம். "ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வெளியீட்டுல செவ்வாய்க்கிழமை மூணு நாற்பதுன்னு நேரம் வந்திருந்தது. அதைப் பார்த்துட்டு, இனிமே ராகு காலத்துல எதுவும் அனுப்பக் கூடாதுன்னு சொன்னீங்க. ஒன்றரை மணி நேரம் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. உங்ககிட்ட முடியாதுன்னு சொல்லவும் பயம். அதனால வெளியீட்டுல அந்த நேரம் விழாதபடி, ராகு காலம் வந்தா மெஷின் மணியை ஒன்றரை மணி தள்ளி வைக்கிற மாதிரி நாலு வரி எழுதிப் போட்டேன். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிச் சிரிச்சேன். அப்புறம் மறந்தே போயிட்டேன். நேத்து சாயங்காலம் நினைவு வந்துச்சு. காலையில அதை அழிக்கத்தான் சீக்கிரம் வந்தேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது வசீமின் பக்கம் திரும்ப முடியவில்லை. வசீம் வாங்கிக் கொடுத்த டீயின் காகிதக் கோப்பை இன்னும் மேஜைமேல் இருந்தது.

அழகிரி சட்டைப் பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்துகொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"காத்திருங்கன்னு சொன்னேன். கடிகாரத்தை மாத்தச் சொன்னேனா?" என்றார். "அது என் நம்பிக்கை. உங்களுக்கு இல்லைன்னா முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம், கேட்டிருப்பேன். என்னைப் பார்த்துச் சிரிச்சதுகூடப் போகட்டும். இந்தப் பிள்ளையைப் பத்தி ஊருக்கே எழுதினீங்களே."

ரஞ்சித் எல்லோர் முன்னிலையிலும் அந்த நான்கு வரிகளை அழித்து, மணியைச் சரிசெய்தான். வசீம் தன் மேஜைக்குப் போய் டெஸ்டை ஓட்டினான். பூஜ்யம். பதிவில் பத்து ஐம்பத்திரண்டு என்று விழுந்தது. இரண்டு வருடத்தில் அந்த இடைவெளியில் விழுந்த முதல் பதிவு அது.

ரஞ்சித் அவன் பின்னால் போய் நின்றான். வசீமின் லேப்டாப்பில் மேல் மூலையில் ஒரே ஒரு கடிகாரம்தான் இருந்தது. முன்பு இரண்டு இருக்கும். ஒன்றின்கீழ் 'துபாய்' என்று எழுதியிருக்கும். மெயிலில் அதையும் ஒரு ஆதாரமாகக் குறிப்பிட்டிருந்தான்.

"அந்தக் கடிகாரம் எங்கே?"

"நீங்க எழுதின அன்னைக்கே எடுத்துட்டேன் சார். நீங்க அவ்வளவு உறுதியா சொன்னதும் என்மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு." வசீம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஷஹனாஸுக்கு இந்த வாரம் நைட் டூட்டி. கணக்குப் போடாம ரெண்டு தடவை தூக்கத்துல எழுப்பிட்டேன். என்ன ஆச்சு உங்களுக்குன்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னுட்டேன்."

மன்னிப்புக் கேட்பதற்காக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் ரஞ்சித்துக்கு அந்த இடத்தில் உதிர்ந்துபோயின. தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். ரிப்போர்ட்டின் காலி இடத்தில் தன் பெயரை எழுதினான். பிறகு பழைய மெயிலைத் திறந்து, அதே முதலாளி, அதே எட்டுப் பேர், அதே ஆஸ்பத்திரி மேனேஜர் என்று ஒருவர் விடாமல் முகவரி போட்டான். முதல் தடவை எழுதியதில் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று வந்தது. அழித்தான். இரண்டாவதில் 'கவனக்குறைவு' என்று வந்தது. அதையும் அழித்தான். கடைசியில் நடந்தது நடந்தபடி ஆறு வாக்கியம் எழுதினான். ஆறாவது வாக்கியம்: 'வசீம் சொன்னது உண்மை, பொய் எழுதியது நான்.'

அழகிரி அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தார். தொண்டையைக் கனைத்தார். "எழுதினது சரி. பன்னெண்டுக்கு மேல அனுப்பிட்டா நல்லது. நல்ல காரியம் பாருங்க."

"காத்திருக்க மாட்டேன் சார்" என்றான் ரஞ்சித். "இதை முகத்துக்கு நேராவே சொல்றேன்."

அழகிரி அவனையே பார்த்தார். பிறகு தலையசைத்துவிட்டு, வசீமின் வேலை உறுதிக் கடிதத்தை எடுத்துவரத் தன் அறைக்குப் போனார். அதில் அவர் பன்னிரண்டுக்கு மேல்தான் கையெழுத்துப் போடுவார். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

ரஞ்சித் மெயிலை அனுப்பினான். எதிர்ப்புறம் வசீமின் லேப்டாப்பில் மணி ஒலித்தது. வசீம் திறந்து படித்தான். படித்து முடித்தபிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தன்னை மன்னித்துவிட்டதாக ஏதாவது சொல்வான் என்று ரஞ்சித் காத்திருந்தான். அப்படிக் காத்திருந்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டான்.

வசீம் மெயிலின் மேல்வரியில் பதிவாகியிருந்த நேரத்தை விரலால் தொட்டான்.

"பதினொன்னு பத்து" என்றான். "இப்போ நம்புவாங்களா சார்?"